சேதாரம்

தவக்காலம் மூன்றாம் ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்து
வின்சென்ட் தே பவுல் சபையில் நாங்கள் ஐந்து பேர்.
நான் செயலாளர். அதாவது
பேனா என்னிடம் இருக்கும்.
மற்ற நாட்களில் சிவதாபுரம் ரேஷன் கடையில்
எடை போடுகிறவன்.

எனக்கும் பெலவேந்திரத்துக்கும் விழுந்த வீடு
பட்டறைச் சந்தில், சாக்கடை தாண்டி மூன்றாவது.
மதலைமேரி.
அன்பியத்துப் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே
'நலிந்தவர்' என்று எழுதியிருந்தது.
எழுதியது நான்தான்.

ஐந்து கிலோ அரிசி, ஒரு சோப்பு,
மார்ச் வந்தும் மிச்சமிருந்த
அந்தோணியார் காலண்டர்.

கொலுசுக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.
வளையத்துக்கு ஒரு சிட்டிகைப் பொடி,
ஊதுகுழலில் ஒரு ஊதல்.
நீல நெருப்பு. மஞ்சள் புகை.
போக வேறு வழி இல்லாமல்
அது அவளுக்குள் போனது.

நின்றபடியே பரலோக மந்திரம் சொன்னோம்.
அனுதின உணவு கேட்கும் வரியில்
அவளுக்கு இருமல் வந்தது.
நாங்கள் காத்திருந்து
விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம்.

"அரிசி இருக்குதுங்க" என்றாள்.
"வெள்ளி வாங்கிட்டு வரயில நூறு கிராம்,
திருப்பிக் கொடுக்கயில தொண்ணூத்தெட்டு.
ரெண்டு கிராம் எங்கன்னு கேட்டு
கூலியில புடிச்சுக்கறாங்க.
புகையாப் போனது எனக்குள்ளதானே இருக்கும்?
என்னைய எடை போட்டுப் புடிச்சுக்கச் சொல்லுங்க."

"யாரு பட்டறை?"
பெலவேந்திரம் தெரிந்துகொண்டே கேட்டான்.
போன தேர்த்திருவிழாவுக்குப் பீடத்தில் வைக்க
ஆறு வெள்ளி மெழுகுதிரித் தண்டு
உபயம் செய்தவர். பங்குப் பேரவைப் பொருளாளர்.
"அதையும் நான்தான் பத்த வச்சேன்" என்றாள்.
பெருமையாகவா, வேறெப்படியுமா,
எனக்குப் பிடிபடவில்லை.

"செவ்வாக்கிழமை கோரிமேடு லேபர் ஆபீஸ்ல
மனு கொடுக்கறோம், பதினோரு பொம்பளைங்க.
படிச்ச ஆள் ஒருத்தர் கூட நின்னாப் போதும்.
அரிசியப் பாவாயிக்குக் கொடுத்துருங்க,
மூணு பசங்க அவளுக்கு."
பாவாயி நம்ம பங்கு இல்லையே என்றேன்.
சொன்ன பிறகுதான்
அது என் காதில் விழுந்தது.

திங்கள் மாலை கூட்டம்.
"சந்தித்தோம், ஜெபித்தோம், ஆறுதல் சொன்னோம்னு
போட்டுக்கோங்க, போதும்" என்றார் பங்குச்சாமி.
எதிர் நாற்காலியில் பொருளாளர். முகத்தில் கோபமே இல்லை.
எல்லோருக்கும் டீ சொன்னார்.
நானும் குடித்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.
பிறகு எழுதினேன்:
'சந்தித்தோம். அவர் எங்களிடம் அரிசி கேட்கவில்லை.'
சாமி படித்தார்.
அடிக்கவும் இல்லை, கையெழுத்துப் போடவும் இல்லை.

செவ்வாய். அரை நாள் லீவு.
ஏற்காட்டு மலை அன்றைக்கு
பஸ் ஸ்டாப் வரை இறங்கி வந்தாற்போல் நின்றது.
பதினோரு பேரில் ஆறு பேர் வந்தார்கள்.
மனுவை ஒரு தடவை படித்துக் காட்டச் சொன்னார்கள்.
'சேதாரம் என்ற பெயரில்' என்ற இடத்தில்
என் நாக்கு தடுக்கியது.
கார்டுக்குக் கார்டு
அரிசியோடு தகர டப்பாவையும் சேர்த்து நிறுக்கும்
என் கை ஞாபகம் வந்தது.
மதலைமேரி கவனித்தாளோ என்னவோ,
"தண்ணி குடிங்க" என்று பாட்டிலை நீட்டினாள்.

தேதி ஈஸ்டருக்கு அப்பால் தள்ளிப்போனது.
பாஸ்கா இரவில் ஆறு தண்டுகளும் எரிந்தன.
பிரசங்கத்தின் நடுவில்
கடைசி வரிசையிலிருந்து இருமல், நீளமாக.
சாமி நிறுத்தினார்.
அது அடங்கிய பிறகும்
விட்ட இடம் அவருக்குக் கிடைக்கவில்லை.
தண்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.
முன்வரிசையில் யாரோ செருமினார்கள்.

திங்கட்கிழமை கடை திறந்ததும்
தராசில் முதலில்
வெறும் டப்பாவை வைத்தேன்.
நூற்றெண்பத்தைந்து கிராம்.
எழுதிக்கொண்டேன்.