பூஜ்யம் மணி

பாடாங் செராய் பேருந்து நிலையத்துக்கு எதிரே
பூபாலன் கடை.
செத்த கைப்பேசித் திரைகளை
பிஸ்கட் டின்னில் எடுத்து வைப்பான், எனக்காக.
சனிக்கிழமைதோறும் நான் பிணப் பரிசோதனைக்குப் போவதை
ஆய்வுக்கூடத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

எந்தத் திரையிலும் முதலில் போவது நீலம்.
பச்சையும் சிவப்பும்
பென்ஷன் வாங்கிக்கொண்டு இன்னும் பல வருஷம் கிடக்கும்.
நீலம் போனதும் வெள்ளை பழுப்பேறுகிறது,
சொட்டுநீலம் போடாமல் துவைத்த
பள்ளிக்கூடச் சட்டை மாதிரி.

கூலிம் தொழிற்பேட்டையில் என் வேலை
ஒரு தூளை வெற்றிடத்தில் ஆவியாக்கி
தலைமுடியின் பருமனில்
ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியதாகப்
படியவைப்பது.
பார்க்க வெறும் மாவுப்பால்.
புறஊதா விளக்கைக் காட்டினால்
சங்குப்பூவாக விழிக்கும்.

மின்சாரம் பட்டு மேலே ஏறுபவை நூறு என்றால்
இருபத்தைந்து உடனே ஒளியாக இறங்கும்.
மிச்சம் எழுபத்தைந்து
கீழே வரும் வழி தெரியாமல் உட்கார்ந்திருக்கும்.
போரானையும் நைட்ரஜனையும் எதிரெதிரே நிறுத்தி,
அறையின் வெப்பத்தைக் கையூட்டாகக் கொடுத்து,
அவற்றைக் கிளப்பிவிடப் பார்க்கிறேன்.
அதற்குள் இரண்டு மோதிக்கொள்ளும்.
எங்கோ ஒரு பிணைப்பு அறும்.
நீலமாய் ஒளிரத் தேவையான ஆற்றலே
நீலத்தை உடைக்கவும் போதுமானது.
இந்த வரியைச் சமன்பாடாக எழுதி
பினாங்கில் ஒருமுறை கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

ஹுய் லிங் கண்ணாடிக் கதவைத் தட்டிக் கேட்டாள்:
'இந்தத் தடவை எவ்வளவு?'
'நூற்றுப் பதினாறு மணியில் பாதி வெளிச்சம்.'
மேல்மாடியில் பச்சைக்காரர்கள்
ஆயிரங்களில்தான் பேசுவார்கள்.
அவர்களோடு நான் சாப்பிடுவதில்லை.

போன வாரம் சங்கிலி வந்திருந்தார்.
செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர்,
இப்போது வாடகைக் கார்.
பூபாலன் திரையை வெறும் வெள்ளையாக்கிக் காட்டினான்.
அடிப்பக்கத்தில் மஞ்சளாக
ஒரு சொல் படிந்திருந்தது:
மெஞ்சாரி.
'தேடுகிறது' என்பதற்கு மலாய்.
பயணி கிடைக்கும்வரை
அந்தச் சொல்தான் அங்கே எரிந்துகொண்டிருக்கும்.

'அது போகாதும்மா,' என்றார் என்னைப் பார்த்து.
'நாலு வருஷமா அதைத்தானே பார்த்துக்கிட்டிருக்கேன்.
லூனாஸ் முச்சந்தியில,
எண்ணெய் ஆலை வாசல்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு.'

என் பையில் குறிப்பேடு இருந்தது.
இத்தனை வருஷம், இத்தனை பிரகாசம் என்று
கணக்கெழுதக் கை போனது.
எடுக்கவில்லை.

புதுத் திரை முந்நூற்று எண்பது வெள்ளி.
'ஓடுற வரைக்கும் ஓடட்டும்' என்று
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.
துணியின் ஊடாக அது
ஒருமுறை ஒளிர்ந்து அணைந்தது.

திங்கள் காலை.
ஒரு பக்கக் கிளையை மட்டும்
கொஞ்சம் பருமனாக்கியிருக்கிறேன்,
மூலக்கூறுகள் ஒன்றையொன்று
நெருங்க முடியாதபடி.
மாதிரி நூற்றுப் பதினெட்டு.
பூஜ்யம் மணி.
நீலம் முழுசாக இருக்கிறது.