நாய்க்கு லைசென்ஸ்

காலையில் ஒரு தூக்கம், பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின்.
மாலை ஏழு மணிக்கு இன்னொன்று.
இரண்டையும் ஒட்டுப்போட்டால்
இரவு வேலைக்காரன் ஒருவனுக்குப் போதும்.
வியாழக்கிழமைகளில் ஒட்டுவதில்லை.

ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில்,
தபால்பெட்டிகளுக்கு எதிரே,
இருபத்திரண்டு பேர் ஒரே நேரத்தில்
இடப்பக்கம் திரும்புகிறார்கள்.
மேடம் கோவின் தொப்பி ஜொகூரில் வாங்கியது, ஓரம் வளைந்தது.
ரொஸ்னா அக்காவின் பூட்ஸில் வெள்ளிக் குஞ்சம்.
எருமை என்றால் தேக்காவில் ஒரு சாலையின் பெயர்
என்று தெரிந்து வளர்ந்த ஊர்
கயிறில்லாமல் கயிறு வீசுகிறது.

பாட்டு இதுதான்:
எங்கோ அமெரிக்காவில் ஒரு பண்ணைக்காரன்,
பெண்டாட்டி போய்விட்டாள், லாரி இருக்கிறது.
நாய் லாரி ஓட்டப் பழகி, லைசென்ஸ் வாங்கி,
கோழிகளை ஏற்றிக்கொண்டு
நெடுஞ்சாலையில் திரும்புகிறது.
அந்த இடத்தில் மிஸ்டர் ஒலிவேரோ நிறுத்திவிடுவார்.
"வலது கால்! வலது!"
மறுபடி முதலிலிருந்து.
ஆறு வாரமாக அந்த நாய்
நெடுஞ்சாலை முனையிலேயே நிற்கிறது.

லிஃப்டில் ஏறினால் இதே பேச்சு.
மூளையைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்கும் பாட்டு
என்று ஒன்பதாம் மாடி ஏசியது.
அதே வார்த்தைகளில் ஐந்தாம் மாடி பாராட்டியது.
சிரிக்கத்தான் பாட்டு என்றால்
கூச்சம் காட்டினால் போதுமே
என்றார் சுந்தரவடிவேல், அவர் மகள் வீணை கற்கிறாள்.
காதில் கருவி மாட்டிய பையன் ஜெரமி மட்டும்
அந்த இசையை உண்மையிலேயே நேசிப்பவன்.
அசல் பாட்டில் துக்கம் இருக்கும் அங்கிள்,
இது பிளாஸ்டிக், என்றான்.
எல்லாரையும்விட அவனுக்குத்தான் கோபம்.

நகர மன்றத்துக்கு ஒரு புகார்த்தாள் சுற்றியது.
மூன்றாவது கையெழுத்து என்னுடையது.
ஆட்டத்தில் மூன்றாவது வரிசை,
தூணோரம்,
குழலி.

"உங்க 'மா' எனக்குத் தெரியாதா"
என்றாள் சோறு போட்டபடி.
கோபமே இல்லை. அதுதான் கஷ்டம்.

"காலையிலிருந்து ஒவ்வொருத்தர் ரத்தமா
கழுவி அனுப்புறேன்.
எண்ணைப் பார்க்கணும், முகத்தைப் பார்க்கணும்,
மறுபடி எண்ணைப் பார்க்கணும்.
திங்களிலிருந்து மிஸஸ் டான் நாற்காலி காலி.
எனக்கு நல்ல பாட்டு வேண்டாம்.
நாய் லாரி ஓட்டினால் போதும்."

ரசம் ஊற்றினாள்.
என்னிடம் பதில் இருந்தது. ஒன்றல்ல, மூன்று.
மூன்றையும் ரசத்தோடு விழுங்கினேன்.

நகர மன்றம் பதில் போட்டது:
ஒலியைக் குறைக்கவும், எட்டேகாலுக்குள் முடிக்கவும்.
யாருக்கும் திருப்தியில்லை.

நோவீனாவுக்கும் நியூட்டனுக்கும் நடுவே
அதிகாலை இரண்டு மணி.
மின்சாரம் நிறுத்திய தண்டவாளத்தில்
விரிசல் தேடி விளக்கடித்து நடக்கிறோம்.
சுரங்கத்துக்கு ஒரு கெட்ட பழக்கம்,
வாயில் வந்ததைத் திருப்பிச் சொல்லும்.
"என்ன பாட்டு அண்ணே அது?"
என்றான் பின்னால் வந்த இளம்பரிதி.
இருமல் என்றேன்.
இருமல் தாளத்தில் வராதே என்றான்.

இப்போதும் சொல்கிறேன், அது நல்ல பாட்டில்லை.
மூன்று சுரம், ஒரு நாய், அசட்டுக் கைதட்டல்.
போட்ட கையெழுத்தை நான் திரும்ப வாங்கவும் இல்லை.
ஆனால் நியூட்டன் வரும்வரை
அந்த லாரி என் முன்னால் போய்க்கொண்டிருந்தது,
ஒரு பக்கம் கோழி இறகு பறந்தபடி.

ஐந்தரைக்கு வீடு. பூட்ஸைக் கழற்றினேன்.
குழலி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.
எழுப்பக்கூடாது. எழுப்பினேன்.

"கடைசியில அந்த நாயைப் போலீஸ் பிடிக்குதா?"

கண்ணைத் திறக்காமல் சொன்னாள்:
"பார்க்கிங் சம்மன் மட்டும்தான்.
தூங்குங்க."