ஆறு குழித் தட்டு

செங்காங் நிலையத்தில்
கட்டண வாயிலுக்கு உள்ளே நான்,
வெளியே அவள்.
வெளியேறி மறுபடி நுழைந்தால் இன்னொரு கட்டணம்.
இருவரும் இந்த ஊர்க்காரர்கள்,
சொல்லிக்கொள்ளத் தேவையில்லை.
தடுப்புக்கு மேலே கை நீட்டித் தட்டைத் தந்தாள்,
ஆறு வெள்ளியை வாங்கிக்கொண்டாள்.
குழிக்கு ஒரு வெள்ளி.
பெயர் பெய் ஷான் என்று கைப்பேசிதான் சொன்னது.
ஏன் விற்கிறாய் என்று நான் கேட்கவில்லை,
ஏன் வாங்குகிறாய் என்று அவளும்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
அறவாழிக்குத் தண்டவாளத்தில் வேலை.
கடைசி ரயில் போனபின் இறங்கி
முதல் ரயிலுக்கு முன் ஏறிவிட வேண்டும்.
விடியலில் ஈசூன் பேருந்து முனையத்துக் கடையில்
எண்ணெய் சொட்டச் சொட்ட இரண்டு டோநட்;
வாயோரத்துச் சீனியைத் துடைக்காமலே
ஒன்றும் சாப்பிடவில்லை என்றபடி வந்து படுப்பான்.
பலதுறை மருந்தகம் தந்த சீட்டு
ஃபிரிட்ஜ் கதவில், காந்தத்துக்கு அடியில்,
மூன்று வாரமாய்.
சிவப்பில் இரண்டு எண்கள்.
நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.
பாலெடுக்க அவன் கதவைத் திறக்கும்போது
காகிதம் ஒரு தடவை படபடக்கும், அவ்வளவுதான்.

மைதாவைச் சலித்தேன்.
மோர் இல்லை, தயிரில் தண்ணீர் விட்டு அடித்தேன்.
ஜாதிக்காய்க்கு நாலு வீடு தள்ளிப் போனேன்.
கொஞ்சம் போதும், மிஞ்சினால் தைல வாசம் வரும் என்று
துருவியோடு கொடுத்தார் நோராய்னி அக்கா.
மாவை அதிகம் கிண்டக் கூடாதாம்.
கட்டி இருந்தால் இருக்கட்டும் என்று விட
எனக்கு வராது.
பதினோரு வருடமாய்
இந்த வீட்டின் ஒவ்வொரு கட்டியையும்
தேடித் தேடி உடைத்தவள்.
அன்று விட்டுவிட்டேன்.

பிளாஸ்டிக் பையின் முனையைக் கத்தரித்து
வட்டம் வட்டமாய்ப் பிழிந்தேன்.
முதல் தடவை, குழி நிறைய.
ஓவனுக்குள் எழும்பி எழும்பி
ஆறும் தம் நடுவை மூடிக்கொண்டன.
தொப்புள் மட்டும் வைத்த ஆறு பன்கள்.

வடைக்கு ஓட்டை போடுவது
நடுவிலும் எண்ணெய் புகுந்து வேகட்டும் என்று.
எண்ணெயே காணாத இதற்கு
ஓட்டை எதற்கு?
பன்னிரண்டு நிமிடம்
ஓவன் கண்ணாடி முன் குந்தியிருந்து யோசித்தேன்.
பதில் வருமுன் மணி அடித்துவிட்டது.

இரண்டாம் தடவை, பாதிக் குழி.
தாழ்வாரத்தில் பட்டையும் வெண்ணெயும் மணக்க,
மின்தூக்கிக்குக் காத்திருந்த யாரோ
மூக்கை உறிஞ்சியது கேட்டது.
தட்டைக் கவிழ்த்தேன்.
ஐந்து விழுந்தன.
ஒன்று, பாதி உடம்பைத்
தட்டிடமே விட்டுவிட்டு வந்தது.

படம் எடுத்துப் பெய் ஷானுக்கு அனுப்பினேன்.
பொருள் கை மாறியபின்
யாரும் யாருக்கும் எழுதுவதில்லை.
ஒரு மணி நேரம் கழித்து வந்தது:
மூன்றாவது குழிதானே?
அதற்கு மட்டும் வெண்ணெய் இரண்டு தடவை பூச வேண்டும்.
முன்பே சொல்லியிருக்கலாம்,
வாங்க மாட்டீர்களோ என்று பயந்தேன்.
பிறகு, இன்னொன்று:
அப்பாவுக்காக வாங்கினேன்.
எண்ணெயில் போட்டால்தான் டோநட் என்றார்.

இறந்தகாலத்தில் எழுதியிருந்தாள்.
ஏன் இறந்தகாலம் என்று
நான் கேட்கவில்லை.

நாலு மணிக்கு எழுந்து வந்தான்.
நல்லது ஐந்து இருக்க
உடைந்ததைத்தான் முதலில் எடுத்தான்.
நின்றபடியே தின்றான்.
இன்னொன்று எடுத்தான்.
பால் எடுக்கப் போனவன்
கதவைத் திறக்காமல்
கொஞ்ச நேரம் அதன் முன் நின்றான்.
திரும்பி வந்து
விரலில் ஒட்டிய சீனியை நக்கிக்கொண்டே சொன்னான்:
எண்ணெயில் போட்டிருந்தால்
இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

சிரித்துவிட்டேன்.
என்ன சிரிப்பு என்றான்.
ஊறப்போட்ட தட்டின் மூன்றாம் குழியை
நகத்தால் சுரண்டிக்கொண்டே
வெண்ணெய் பத்தவில்லை என்றேன்.