ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே

திபிலிசியில் வறண்ட பாலம் என்றொரு சந்தை.
போர்வை விரித்து விற்கிறார்கள்,
பதக்கம், பல்செட், முட்கரண்டி, லென்ஸ்.
வாஜா ஒரு ஜூபிடரை என் உள்ளங்கையில் வைத்தான்.
"முதல் இரண்டு எண்ணைப் பார். ஐம்பத்தேழில் பிறந்தது."
எனக்கு அதைவிட இரண்டு வயது குறைவு.
இருவருக்கும் முன்பக்கம் கீறல்.

வீட்டில் ஏற்கெனவே ஓர் இண்டஸ்டார்,
ஆமைத்தலைபோல் உள்ளே போய்விடும் சின்னது.
முடிவிலியில் அதற்கொரு பூட்டு;
பித்தானை அழுத்தினால்தான்
மலையை விட்டு மனிதரிடம் இறங்கிவரும்.

இரண்டில் ஒன்றுதான் தங்கலாம்.
நானுலி போட்ட சட்டம்.
அலமாரியும் அதைத்தான் சொல்கிறது.

ஆகவே சோதனை.
ஒரே ஸோர்க்கி, ஒரே சுருள், முக்காலி.
துவாரம் நான்கு, வேகம் நூற்றிருபத்தைந்து.
ஒற்றைப்படை ஜூபிடர், இரட்டைப்படை இண்டஸ்டார்.
முகத்துக்கு மூன்றாம் மாடி லம்ஸிரா.
கூலி, ஒரு பாட்டில் புளிப்புப் பிளம் சாறு,
லிஃப்ட் பழுதைப் பற்றி நான் எழுதித்தரும்
புகார்க் கடிதம்.

காட்சித்துளையில் அவள் இரண்டாக இருந்தாள்.
மஞ்சள் திட்டுக்குள் ஓர் ஆவி லம்ஸிரா.
வளையத்தைத் திருப்பத் திருப்ப
ஆவி நடந்துவந்து உடம்புக்குள் புகுந்தது.
மூக்கின்மேல் மூக்கு.
சொடுக்.

"எவ்வளவு நேரம் அசையாமல் இருக்கணும்?"
"மரை கழற்றி மரை மாட்டும் நேரம்."

ஏழு முடிந்ததும் அவள் கைப்பேசி துடித்தது.
"பேசு. தலையை மட்டும் அசைக்காதே."
அசைக்கவில்லை.
மிங்ரேலியனில் இரண்டு சொல் சொன்னாள்,
எனக்குத் தெரியாத மொழி.
நான் இண்டஸ்டாரைத் திருகிக்கொண்டிருந்தேன்.
கைப்பேசியை மடியில் குப்புற வைத்து
"ம், எடு" என்றாள்.
எடுத்தேன்.

குளியலறைக் கொடியில் சுருள் காய்ந்த பிறகு
மேசை விளக்கு, உருப்பெருக்கி, நோட்டு.

ஏழு, ஜூபிடர்: ஓரங்கள் பாலில் கரைகின்றன.
சன்னல் கம்பியில் லேசாகப் புகை.
எட்டு, இண்டஸ்டார்: இமைமயிரை எண்ணலாம்.
ஸ்வெட்டரில் ஒரு கண்ணி அறுந்திருக்கிறது.
கன்னம் கல்.
எழுதினேன்:
"உள்ளே நான்கே கண்ணாடி, ஆறைவிடக் கறார்.
நிழலிடம் இரக்கமில்லை."

பேனாவை மூடியபின்தான் பார்த்தேன்.
வாயின் இடது ஓரம்
மயிரிழை இறங்கியிருந்தது.

ஒன்பதுக்குப் போனேன்.
மறுபடி ஜூபிடர்.
பால் இருந்தது, புகை இருந்தது.
வாய் மட்டும் எட்டினுடைய வாய்.

பத்து, பதினொன்று, பன்னிரண்டு.
கடைசிவரை அந்த வாயோடுதான் உட்கார்ந்திருக்கிறாள்,
ஒரு பாட்டில் பிளம் சாற்றுக்காக,
தலையை அசைக்காமல்.

நோட்டில் அந்த வரியை அடித்தேன்.

லிஃப்ட் ஓடவில்லை.
பிரதிகளோடும் பாட்டிலோடும் படியிறங்கி
மணியடித்தேன். கேட்க வந்ததைக் கேட்க
எந்த மொழியிலும் வரவில்லை.
"கடிதம்?" என்றாள்.
"நாளைக்கு."

படங்களைச் சீட்டுபோல் மேசையில் பரப்பினாள்.
அவள் எடுத்துக்கொண்டது ஆறு.
அதுவும் இண்டஸ்டார்தான்,
ஒவ்வோர் இமைமயிரும், அறுந்த கண்ணியும்.
"இதில் நன்றாக இருக்கிறேன், இல்லையா?"

மேலே நானுலி வாசலிலேயே நின்றாள்.
"எது போகிறது?"
"சோதனை கெட்டுப்போச்சு" என்றேன்.
இரண்டும் அலமாரியில் இருக்கின்றன,
ஒன்று இன்னும் முடிவிலியில் பூட்டியபடி.