இருபத்தெட்டு கிலோமீட்டர்

ஜெபசிங் போனில் கேட்கிறார்:
"வண்டி ஏன் அங்க நிக்குது?"
தூத்துக்குடி ஆபீஸ் திரையில் நான் பச்சைப் புள்ளி.
நின்றால் சிவப்பு.
"டயர் சூடு அண்ணாச்சி. பாத்துட்டு எடுத்துர்றேன்"
என்கிறேன்,
வாயில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்போடு.

கானாடுகாத்தான் விலக்கு.
நாற்பதடி டிரெய்லர்,
மேலே இருபத்தாறு டன் இரும்புக் குழாய்,
அதற்கு மேலே நானே ஏறிக் கட்டிய தார்ப்பாய்.
தார்ப்பாய்க்கு இருநூறு தருகிறார்கள்.
சங்கிலி இறுக்க ஒன்றும் இல்லை.
கிளீனர் என்றொரு மனிதன் இருந்தான் முன்பு;
அவன் சம்பளம் இப்போது யாரிடம் இருக்கிறதோ.

வீடு இங்கிருந்து பார்த்தால் தெரியாது.
போகலாம், பத்து நிமிஷம்தான்.
லோடை யாரிடம் விட்டுப்போவது?
அதனால் வீடு இங்கே வருகிறது,
டிவிஎஸ் எக்செல்லில்,
தூக்குவாளியும் தண்ணீர்க் கேனும் பெண்ணுமாக.

முத்துராக்கு ஹோட்டல் யூனிபார்மிலேயே வந்திருக்கிறாள்.
ஹோட்டல் ஆகிவிட்ட பெரிய வீடொன்றில்
அறை கூட்டித் துடைக்கிற வேலை.
அறைக்கு எழுபது, ஒரு நாளைக்கு ஆறு அறை.
"ஒரு ராத்திரிக்கு ஒம்பதாயிரம் குடுத்துத்
தங்குறாங்க" என்கிறாள்,
"விடிஞ்சதும் கெளம்பிர்றாங்க."
அவளுக்கு அது ஒரு செய்தி.
எனக்கு ஏனோ புரையேறிவிட்டது.

கனிஷ்கா கேபினில் ஏறி
மீட்டரைப் பார்த்து உள்ளங்கையில் எழுதுகிறாள்.
போன தடவை எழுதியது நோட்டின் கடைசிப் பக்கத்தில்.
கழித்துவிட்டுச் சொல்கிறாள்:
"ரெண்டாயிரத்து எண்ணூத்து முப்பத்தாறுப்பா."
விசாகப்பட்டினம் போனது, இரும்புத் தகடு ஏற்றி
திருவெறும்பூரில் இறக்கியது,
காலி வண்டியாய்த் திரும்பியது எல்லாம் அதில் இருக்கிறது.
கேட்டுக்கு வெளியே மூன்று நாள் வரிசையில்
நின்றது இல்லை.
நின்றதற்கு மீட்டரும் ஓடாது, காசும் ஓடாது.
கிலோமீட்டருக்கு நாலு ரூபாய் என்றால்
உருண்டால்தான் நாலு.

சேரும்போது மாசத்தில் நாலு நாள் வீடு என்றார்கள்.
பங்குனியில் இரண்டு ராத்திரி கிடைத்தது.
ஒன்றில் தூங்கினேன்.
இன்னொன்றிலும் தூங்கினேன்.
"ஒறங்குறதுக்கா வந்தீக" என்று கேட்டாள்,
கோபமாகக்கூட இல்லை.

போன் மறுபடி.
"சேவுகா, மதுரை வழி போயிருந்தா
இருபத்தெட்டு கிலோமீட்டர் கம்மி.
ராமநாதபுரம் சுத்தி ஏன் போன?"
"ரோடு வேலை நடக்குதுன்னாங்க."
"போன வாரமும் அதான் சொன்ன."
கால்குலேட்டர் சத்தம் கேட்கிறது.
லிட்டருக்கு மூணரை, எட்டு லிட்டர்.
"எழுநூத்து முப்பத்தாறு. உன் கணக்குல கழிக்கிறேன்."
அவர் குரல் கொஞ்சம் இறங்குகிறது:
"எனக்கும் மேல ஆள் இருக்காருப்பா."
இருப்பார். எல்லாருக்கும் மேல் லோடு உண்டு.

எழுநூத்து முப்பத்தாறு.
முத்துராக்கு துடைத்தால் பத்து அறைக்கு மேல்.
அவளிடம் சொல்லவில்லை.
அவள் எச்சில் கையைக் கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே
"என்னவாம்?" என்றாள்.
"டயர்" என்றேன்.
பதினெட்டு டயரையும் ஒருமுறை பார்த்தாள்.
எதுவும் கேட்கவில்லை.

சங்கிலியைத் தட்டிப் பார்த்தேன்.
பின்சக்கரத்துப் பக்கம் ஒன்று தளர்ந்திருந்தது,
இறுக்கினேன். கனிஷ்காவும் ஒரு கை பிடித்தாள்.
அவள் உள்ளங்கை வியர்த்து
எண்ணில் பாதி லிவரில் ஒட்டிக்கொண்டது.
"அழிஞ்சுபோச்சுப்பா" என்று மறுபடி ஏறி
மறுபடி எழுதினாள். இன்னும் இரண்டு நிமிஷம்.

திருமயம் தாண்டும்போது போனில் குறுஞ்செய்தி:
அடுத்த லோடு வெள்ளிக்கிழமை. மதுரை வழி மட்டும்.
படித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தேன்.
வெள்ளிக்கிழமை என்றால்
அவளுக்கு மூன்று மணிக்கு வேலை முடியும்.
ராமநாதபுரத்தை எத்தனை மணிக்குத் தாண்டினால்
சரியாக இருக்கும் என்று
புதுக்கோட்டை வரைக்கும்
கூட்டிப் பார்த்துக்கொண்டே போனேன்.