நிறுத்தினால் எரிந்துவிடும்

பிப்ரவரி 1987, நெப்ராஸ்கா, வியாழக்கிழமை மாலை.
நூலகத்தின் நிலவறையில்
நாற்பது மடக்கு நாற்காலி, பதினேழு தலை.
புரொஜெக்டர் ஓட்டுவது நான்.
அதற்கு நூலகம் எனக்கு ஆறு டாலர் தருகிறது.

எல்லோரும் பார்த்த படம்தான்.
திருடிய பையன்கள், அடித்த பையன்கள்,
யாருக்கும் வேண்டாத பையன்கள்.
அவர்களுக்கு ஒரு வீடு,
வீட்டுக்கு நல்லவர் ஒருவர்.
கடைசி ரீலில் முரடன் அழுவான்,
கூடவே எர்மா ப்ரோகாஸ்காவும் அழுவாள்,
நாற்பது வருடமாக அதே இடத்தில்.
"இப்படிப் படம் இப்போது யார் எடுக்கிறார்கள்"
என்று மூக்கைச் சிந்துவாள்.

"எடுக்காததே நல்லது" என்றார் வெர்லின் டூசெக்,
இருபத்தாறு வருடம் துணை ஷெரீஃபாக இருந்தவர்.
"இந்த மாதிரி வாசலுக்கு ஒன்பது பேரை
நானே காரில் கொண்டுபோய் விட்டிருக்கிறேன்.
ஒருத்தனும் சிரித்துக்கொண்டு இறங்கவில்லை.
ஒருத்தன் சீட்டிலேயே மூத்திரம் போனான்.
பத்து வயசு.
அதை எடுக்கச் சொல்லுங்கள், பார்க்கலாம்."

பள்ளியில் இசை சொல்லித்தந்த மிஸ் ஆல்த்தியாவுக்கு
பாட்டுக் காட்சிதான் தொண்டையில் முள்:
"குரல் உடைகிற வயசில்
முப்பது பேரும் சுருதி பிசகாமலா?"
தலைவாரல் பிரமாதம் என்றது ஒரு குரல்.
நாய்க்குத்தான் பரிசு தந்திருக்க வேண்டும் என்றது
இன்னொன்று.
காப்பி ஆறிக்கொண்டிருந்தது,
அபிப்பிராயங்கள் ஆறவில்லை.

லேலண்ட் வோசிகா வாயே திறக்கவில்லை.
தானியக் கிடங்கில் லாரிகளுக்கு எடை போடுகிறவர்.
எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டு போன பிறகு
புரொஜெக்டர் அருகே வந்து நின்றார்.
"சாப்பாட்டுக் கூடத்தில்
சூப்பில் ஆவி பறக்கிறதே, அது பொய்.
எங்கள் சூப்பில் ஆவி வந்ததே இல்லை.
படம் பிடித்த அன்றைக்கு மட்டும்
சூடாகக் கொடுத்தார்கள்."

எங்கள் என்றது
எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது.

பின்னோக்கி ஓட்டினேன்.
முன்னால் நடிகப் பையன் வசனம் பேசுகிறான்.
பின்னால், மூன்றாவது பெஞ்சில், சுவரோரம்
கலங்கலாக ஒரு மொட்டைத் தலை
கிண்ணத்துக்குள் கவிழ்ந்து கிடக்கிறது.
"எமில். என் தம்பி.
காமிராவைப் பார்க்காதே என்று எங்களுக்கெல்லாம்
கண்டிப்பாகச் சொன்னார்கள்.
அவனுக்குச் சொல்லியிருக்கவே வேண்டாம்.
ஒவ்வொரு டேக்குக்கும் கிண்ணத்தை நிரப்பினார்கள்.
நாலு டேக்.
நாலையும் குடித்தான்.
ராத்திரி பூராவும் வாந்தி.
அத்தனை சந்தோஷமாக வாந்தி எடுத்தவனை
நான் அப்புறம் பார்க்கவில்லை."

அடுத்த மார்ச்சில் நிமோனியா என்றார்,
லாரியின் எடையைச் சொல்வதுபோல.
போட்டோ ஒன்றுகூட இல்லை என்றார்.
"அந்த இடத்தில் நிறுத்த முடியுமா?"

முடியாது என்றேன்.
பழைய பிரிண்ட், சூடான விளக்கு.
நிறுத்தினால்
நடுவிலிருந்து பழுப்பேறி, குமிழ் விட்டு,
பையன் இருந்த இடத்தில் ஓட்டை விழும்.
ஓடுகிற வரைக்கும்தான் அவன்.

பதினோரு நொடி.
ஓட்டினேன், திருப்பினேன், ஓட்டினேன்.
பின்னோக்கிப் போகையில் ஒவ்வொரு முறையும்
எமிலின் வாயிலிருந்து சூப் இறங்கி
கிண்ணம் தானாக நிறைந்தது.
அந்தப் பக்கம்தான் அவருக்குப் பிடித்திருந்தது.
முன்னோக்கி ஓடும்போது
தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றார்.

காவலாள் வந்து சாவியைக் குலுக்கியபோது
மணி பத்தே கால்.

நாற்காலிகளை மடக்கி அடுக்கிவிட்டு
கருத்துச் சீட்டுகளைப் பொறுக்கினேன்.
எர்மாவினுடையதில் மூன்று ஆச்சரியக்குறி.
டூசெக் பக்கத்தின் பின்புறத்திலும் எழுதியிருந்தார்.
வோசிகாவின் சீட்டில் ஒரு சொல் இல்லை.
'மறுபடி திரையிடலாமா' என்ற கேள்விக்குக் கீழே
ஆம், இல்லை
இரண்டு கட்டத்திலும் டிக்.

இதை மேலே செல்லாத சீட்டு என்பார்கள்.