நாடியைக் கொஞ்சம் இறக்கு

ஆஸ்பத்திரி வீதியில், மருந்துக்கடைக்கு மேல் மாடி.
'எமல்டா ஸ்ரூடியோ' எண்டு பச்சைப் பெயின்றில்
அவவே எழுதின பலகை; 'டா' கொஞ்சம் சரிவு.
அதுக்கு முன்னம்
பொம்பிளை ஒருத்தி கமரா தூக்கி நான் கண்டதில்லை.
தூக்கின ஆம்பிளையள் பிடிச்சதெல்லாம்
கதிரையில் மாப்பிள்ளை, பக்கத்தில் நிண்டபடி பொம்பிளை,
பின்னால் துணியில் கீறின தாஜ்மகால்.
அவ துணியைக் கழட்டி எறிஞ்சா.
யன்னலைத் திறந்தா.

நான் சுருட்டுக் கொட்டிலில் இலை நனைக்கிறவள்.
'உன்ர கழுத்து எனக்கு வேணும்' எண்டா,
சந்தையில் முருங்கைக்காய் கேக்கிற மாதிரி.

பெரியகடைப் புடவை முதலாளியின்ர கலண்டருக்கு.
எழுபதாம் ஆண்டு, ஆனி மாதச் சோளகம்.
பண்ணைப் பாலத்தில் என்னை நிறுத்தி
நைலெக்ஸ் முந்தானையைக் கைவிடச் சொன்னா.
அது கடலுக்கு மேல் ஒரு பாகம் நீண்டு போச்சு.
இறால் கூடைச் சைக்கிளுகள் வரிசையாய் நிண்டது;
ஒருத்தர் மட்டும் மணி அடிச்சார்.
பெட்டிக் கமராவை வயித்தோடு அணைச்சு
குனிஞ்சு பாக்கிறவ அவ.
ஆரைப் பிடிச்சாலும் முதலில் தலை குனிவா.
'நாடியைக் கொஞ்சம் இறக்கு.
கண்ணை இறக்காதை.'

முதலாளி படத்தைப் பாத்தார்.
ஆர் இந்தப் பெட்டை, எந்தப் பகுதி?
எமல்டா நெகட்டிவ்வை வெளிச்சத்துக்குப் பிடிச்சா.
'படத்தில ரெண்டு பகுதிதான், முதலாளி.
வெளிச்சம் பட்டது, படாதது.
எதை வெட்ட?'

கலண்டர் வந்தது. தை மாதம் நான்.
கொட்டிலில் ஒரு கிழமை எனக்கு வேலை இல்லை.

பிறகு விளம்பரங்கள் நிண்டு
அடையாள அட்டைப் படமே தொழிலாச்சு.
காது தெரிய வேணும், சிரிக்கக் கூடாது.
அவவுக்கு அதுவும் கலண்டர்தான்.
கறண்ட் இல்லாத வருசங்களில்
தகரத் தட்டில் வெயிலை வாங்கி
மீன்காரியின்ர கன்னத்தில் திருப்பி விடுவா.

ஒருநாள் சோதனைச் சாவடியில் சீருடைப் பெடியன்
என்ர அட்டையைப் பாத்தான், என்னைப் பாத்தான்,
திரும்பவும் அட்டையை.
'இது நீ இல்லை.'
மூண்டு மணித்தியாலம் வெயிலில் இருந்தன்.
படத்தில் இருந்தவள் பயப்படாதவள்.

மாடிப்படி ஏறிப் போய்க் கேட்டன்:
எனக்கு வடிவில்லாத படம் ஒண்டு வேணும்.
எமல்டா கனநேரம் கதைக்கேல்லை.
'அதுக்கு இரட்டைக் காசு' எண்டா.
யன்னலைச் சாத்தினா.
அலுமாரியிலிருந்து வேற ஒரு சின்னக் கமரா எடுத்தா,
கண்ணில் வைக்கிறது.
நாடி, தோள், ஒண்டும் சொல்லேல்லை.
குனியவும் இல்லை.
பிளாஷ் அடிச்சு முடிய
சொன்ன காசை எண்ணி வாங்கினா.

அந்தப் படத்தில் ஆரோ ஒருத்தி இருக்கிறா.
அவவோடதான் எல்லாச் சாவடியும் தாண்டினன்.